காற்று போகிற ஓட்டை

உங்கள் வீட்டில் ஒரு மெஷின் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி கெட்டுப்போனால், நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

மெஷினைத்தான் பார்ப்பீர்கள். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். கவிழ்த்துப் போட்டுத் தட்டிப் பார்த்து, விற்றவனைத் திட்டி, கடைசியில் என் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நான் மெஷினைத் தொடக்கூட மாட்டேன். அதைப் பிடிக்கிற கையைப் பார்ப்பேன். "ஒருதடவை நீங்களே மாட்டி, ஓட்டிக் காட்டுங்க" என்பேன். பாதி ரிப்பேர் அங்கேயே தெரிந்துவிடும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எனக்குத் தொழில் தெரியாமல் இது நடந்துவிட்டது என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. வேறு என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அதை மட்டும் எழுதாதீர்கள்.

என் கடையைப் பார்த்திருக்கிறீர்கள். முன்னால் ஷட்டர், பின்னால் ஜன்னல் இல்லாத சுவர். நடுவில் எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன மேசை. மரம் அறுக்கிற மெஷின், புல் வெட்டுகிற மெஷின், தண்ணீர் இறைக்கிற மோட்டார், எது வந்தாலும் பார்ப்பேன். சரியாகாமல் திரும்பிப் போனது எதுவும் கிடையாது. சரியாகியும் திரும்பிப் போகாதது ஒன்று உண்டு. மரம் அறுக்கிற மெஷின், யாரோ கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாங்க வரவே இல்லை. துடைத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டி வைத்திருக்கிறேன். என் மாப்பிள்ளையிடம் இருந்ததும் அதே கம்பெனி, அதே அளவு.

மாப்பிள்ளை என்றால் தங்கையின் புருஷன். எங்கள் அப்பா போய், அம்மாவும் போனபோது தங்கை பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். தலை பின்னிக்கொள்ளக்கூடத் தெரியாது. நான்தான் பின்னிவிட்டேன். கோணல்மாணலாக இருக்கும், அதோடுதான் போவாள். எனக்குப் பெண் பார்க்கிறோம் என்று சொந்தக்காரர்கள் வந்தபோதெல்லாம், இவளை வைத்துக்கொண்டு எப்படி என்று நான்தான் வேண்டாம் என்றேன். அதற்காக அவளிடம் நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவளையே கேட்டுப் பாருங்கள். என்னை அவளுக்குத் தெரியும்.

பிறகு அவளாகவே ஒருவனைப் பார்த்துக்கொண்டாள். மரம் வெட்டுகிறவன். வீட்டுமேல் சாய்ந்த மரம், கரண்ட் கம்பியைத் தொடுகிற கிளை, இப்படிப்பட்ட வேலைகளுக்குக் கூப்பிடுவார்கள். நல்ல உயரம், பெரிய குரல், இடதுகைப் பழக்கம். வேறு வீடு பார்க்கிறேன் என்றான். நான்தான் "எதுக்கு? இங்கேயே இருங்க" என்றேன். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தான்.

வந்த முதல் வாரமே என் நாற்காலியில் உட்கார்ந்தான். ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி, காற்று வருகிற இடம். அது என்னுடையது என்று யாரும் எழுதி ஒட்டவில்லைதான். நான் நின்றுகொண்டே இருந்ததைப் பார்த்து, "உக்காருங்க மச்சான், ஏன் போலீஸ் மாதிரி நிக்கிறீங்க?" என்றான். தங்கை சிரித்தாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல், தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் போய்ச் சுவரோரம் இருந்த முக்காலியில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு அதுதான் என் இடம் என்று ஆகிவிட்டது.

இதையெல்லாம் காரணமாகச் சொல்லவில்லை. கேட்டீர்கள், சொல்கிறேன்.

அவன் முதல்தடவை மெஷினைக் கடைக்குக் கொண்டுவந்தபோது பக்கத்துப் பெயின்ட் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையோடு வேலை செய்கிற ஆளும் கூட வந்திருந்தான். வெட்டுகிற கிளையைக் கயிறு கட்டி இறக்குவது அவன் வேலை. அதனால் அவன் பேரே கயிறு.

"மச்சான், இது பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி செயினைக் கழட்டிப் போடுது. நாலு அறுப்பு அறுத்தா பொதக்குன்னு கீழ விழுது" என்றான் மாப்பிள்ளை.

"நீங்களே மாட்டிக் காட்டுங்க."

"செயின் மாட்டத் தெரியாதவன்னு நெனச்சீங்களா?"

"தெரியும்னுதான் காட்டச் சொல்றேன்."

மேசையில் வைத்து மூடியைக் கழற்றினான். அந்த மெஷினில் நாக்கு மாதிரி ஒரு நீளத் தகடு இருக்கும். அதைச் சுற்றித்தான் செயின் ஓடும். செயினை மாட்டி, அதை இறுக்குகிற திருகைத் திருகி, கடைசியில் தகட்டைப் பிடிக்கிற நட்டுகளை முடுக்க வேண்டும். அப்படி முடுக்கும்போது தகட்டின் மூக்கை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவன் பிடிக்கவில்லை. தொங்குகிற மூக்கோடு அப்படியே முடுக்கினான். பார்ப்பதற்குச் செயின் கிண்ணென்று இருக்கும். மரத்தில் வைத்து அழுத்தினதும் மூக்கு மேலே ஏறும். ஏறின அளவுக்குச் செயின் தொளதொளக்கும். தொளதொளத்த செயின் கழலத்தான் செய்யும்.

மெஷினில் ஒரு குறையும் இல்லை. அவன் கையில்தான் குறை. அதைச் சரிசெய்ய ஒரு வாக்கியம் போதும். மூக்கைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு முடுக்குங்க மாப்பிள்ளை.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் பெயின்ட் கடைக்காரர் பக்கம் திரும்பினான்.

"எங்க மச்சானைப் பாருங்கண்ணே. மெஷினை எப்படி உத்து உத்துப் பாக்குறாரு. இதுல பாதி உத்து ஒரு பொண்ணைப் பாத்திருந்தா, எனக்கும் வீட்ல ஒரு அக்கா இருந்திருப்பாங்க."

பெயின்ட் கடைக்காரர் சிரித்துச் சிரித்து இருமினார். எதற்கும் சிரிக்காத கயிறுகூடச் சிரித்தான்.

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். "வெச்சுட்டுப் போங்க, பாக்குறேன்" என்றேன்.

அன்றைக்கு நான் செய்தது இவ்வளவுதான். ஒரு வாக்கியத்தைச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்கு உங்களிடம் ஏதாவது சட்டம் இருக்கிறதா? கிண்டலுக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அவன் போனதும் மூக்கைத் தூக்கிப் பிடித்து முறையாக முடுக்கிக் கொடுத்தேன். மெஷின் நன்றாக ஓடியது. வீட்டில் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறை. "மச்சான் கை பட்டா போதும், மெஷின் கும்பிடு போடும்" என்றான். ஓட ஓடச் செயின் நீளும். நீண்டதும் அவனே திரும்ப முடுக்கினான், அவன் வழக்கப்படி. செயின் கழன்றது.

இரண்டாம்தடவை வந்தபோது அவன் கால்சட்டை தொடைக்கு மேலே கிழிந்திருந்தது. துணியோடு போயிற்று. உள்ளே ஒரு கீறல்கூட இல்லை.

"எதுனால மச்சான் இது?"

"உள்ள பல்சக்கரம் தேஞ்சிருக்கு."

தேய்ந்துதான் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை. புதுச் சக்கரம் போட்டேன். பழையதை அவன் கையில் கொடுத்துக் காட்டினேன். பல்லைத் தடவிப் பார்த்து, "அடப்பாவி, நீதானா அது?" என்று அதைத் திட்டினான். நல்ல உழைப்பாளிதான். ஆனால் யாராவது ஒன்றைக் காட்டி இதுதான் காரணம் என்றால், கேள்வி கேட்காமல் நம்பிவிடுகிற ஆள். மெஷின் விஷயத்தில் மட்டும் இல்லை, எல்லாவற்றிலும் அப்படித்தான். அந்த மாதிரி ஆட்களை எனக்குப் பிடிக்காது. எதையும் சரிபார்க்காமலே அவர்களுக்கு எல்லாம் நல்லபடியாக நடந்துவிடுகிறது.

மூன்றாம்தடவை தகட்டின் பள்ளத்தைச் சொன்னேன். ஓரம் பிசிர் தட்டியிருந்தது. அரத்தால் ராவிச் சமமாக்கினேன். அதுவும் செய்ய வேண்டிய வேலைதான். நீங்கள் எந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்டாலும், அண்ணன் ஒவ்வொன்றாக ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறார் என்பான். அந்தச் சக்கரத்துக்கும் பிசிருக்கும் நடுவில் ஒரு சின்ன வாக்கியம் மட்டும் வெளியே வராமல் என் நாக்கடியில் கிடந்தது. கிடக்கக் கிடக்க அது எனக்குப் பிடித்துப்போயிற்று. அவன் சத்தமாக ஜோக் அடிக்கும்போதெல்லாம் நாக்கால் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

ஒருநாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தங்கை எதிரே வந்து உட்கார்ந்தாள். அவன் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை.

"அண்ணா, அந்த மெஷினை நல்லாப் பாரேன். நேத்து செயின் அவரு காதுகிட்ட வந்துச்சாம். சிரிச்சுக்கிட்டே சொல்றாரு."

"பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"உன் கைக்கு வந்து சரியாகாதது எதுவுமே கிடையாதே. இது மட்டும் ஏன் ஆகல?"

அவள் எதையும் மனசில் வைத்துக் கேட்கவில்லை. நான் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "பழைய மெஷின். புதுசா வாங்குனா தீர்ந்துச்சு."

"அதான் நானும் சொன்னேன். அங்க போய் வாங்கிக்கலாங்கிறாரு."

"எங்க போய்?"

அவள் தண்ணீர்ச் செம்பை எடுத்து, நிறைந்திருந்த என் டம்ளரில் இன்னும் ஊற்றினாள். தண்ணீர் வழிந்தது.

"நாங்களே உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தோம்" என்றாள்.

வேறு ஊரில் ஒரு பெரிய மரக் கிடங்கு. நிரந்தர வேலை. தங்க வீடும் கொடுக்கிறார்கள். பேசி முடித்துவிட்டார்கள். இங்கே பள்ளிக்கூடத்து வளாகத்தில் ஒரு பெரிய மரம் பட்டுப்போய் நிற்கிறது, அதை இறக்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். எல்லாவற்றையும் அவள் ஒரே மூச்சில் சொன்னாள், பள்ளிக்கூடத்துப் பாடத்தை ஒப்பிப்பதுபோல. நான் "நல்லது" என்றேன்.

அவன் வந்ததும் விஷயம் உடைந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான். நாற்காலியில் உட்காரவில்லை.

"மச்சான், நீங்களும் வாங்க. அங்க இந்த மெஷின் குவியல் குவியலா கெடக்கு. ஆனா பாக்கத் தெரிஞ்ச ஒரு ஆள் கிடையாதாம். கடையைச் சுருட்டி வண்டியில போட்டுக்கிட்டு வந்துடுங்க. உங்களை இங்க விட்டுட்டு இவ அங்க ஒரு வாய் நிம்மதியா சாப்பிடுவாளா?"

கேட்கிறவர்களுக்கு இது பாசமாகத் தெரியும். உங்களுக்கும் தெரிகிறது, உங்கள் முகத்தில் பார்க்கிறேன். ஆனால் யார் வீட்டில் உட்கார்ந்துகொண்டு யாரைக் கூப்பிடுகிறான்? நான் வளர்த்த பெண்ணை எடுத்துக்கொண்டு, பின்னாலேயே நீயும் வா என்கிறான். மூட்டை முடிச்சோடு சேர்த்து என்னையும் வண்டியில் ஏற்றுகிறானாம்.

"யோசிக்கிறேன்" என்றேன்.

வீட்டில் அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் ஒரு அலமாரி காலியாக இருக்கும். தட்டுகளைப் பழைய துணியில் சுற்றி அடுக்கினாள். அம்மாவின் போட்டோ மாட்டியிருந்த இடத்தில் சுவர் வெள்ளையாகத் தெரிந்தது. எனக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு சட்டியை அடுப்பு மேடையில் தனியாக எடுத்து வைத்திருந்தாள். ஜெயிலில் கொடுப்பார்களே, அந்த மாதிரி. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் நான் யோசிக்க ஆரம்பித்தேன்.

கோபத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள். ரிப்பேர்க்காரன் யோசிக்கிற மாதிரிதான் யோசித்தேன். ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை நிறுத்த வேண்டும் என்றால் எதைக் கழற்ற வேண்டும்? தங்கையிடம் பேசி நிறுத்த முடியாது. அவனிடம் சண்டை போட்டால் இன்னும் சீக்கிரம் கிளம்புவார்கள். அவனுக்கு வேலை இருப்பதால்தான் போகிறார்கள். வேலை அவன் கையில் இருக்கிறது. எந்தக் கையில் என்றும் எனக்குத் தெரியும்.

அவன் உயிரை நான் நினைக்கவே இல்லை. இதை அழுத்தி எழுதிக்கொள்ளுங்கள். தங்கை தாலியறுத்து உட்கார வேண்டும் என்று நினைக்கிற அளவுக்கு நான் கெட்டவன் இல்லை. அவன் இருக்கட்டும். என் வீட்டிலேயே இருக்கட்டும். இன்னும் சொன்னால் அந்த நாற்காலியில்கூட உட்காரட்டும். வெளியூர் போகாமல் இருந்தால் போதும். நான் சம்பாதித்துப் போட மாட்டேனா?

பள்ளிக்கூடத்து மரத்துக்கு முந்தின நாள் அவன் மெஷினைக் கொண்டுவந்தான்.

"மச்சான், நாளைக்கு ஒருநாள் மட்டும் மானத்தைக் காப்பாத்தச் சொல்லுங்க இதை. அப்புறம் இதுக்கும் எனக்கும் உள்ள கணக்கைத் தீர்த்துடலாம்."

"வெச்சுட்டுப் போய் டீ குடிச்சுட்டு வாங்க."

பழைய செயினைக் கழற்றிவிட்டு வேறு ஒன்று போட்டேன். பார்வைக்கு அச்சு அசல் அதே மாதிரி. ஆனால் தகட்டின் பள்ளத்துக்குள் இறங்கி ஓடுகிற பல் மட்டும் ஒரு மயிரிழை மெலிசு. பள்ளத்துக்குள் ஆடிக்கொண்டே ஓடும். கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அளந்து பார்க்கிறவனுக்குத்தான் தெரியும். அவன் அளந்து பார்க்கிற ஆள் இல்லை என்று முன்னமே சொன்னேன்.

அது மட்டும் போதாது. ஏனென்றால், அந்த மெஷின் செய்தவர்கள் முட்டாள்கள் இல்லை. செயின் ஒருநாள் கழலும் என்று அவர்களுக்கும் தெரியும். கழன்ற செயின் தகட்டுக்கு அடியில் சாட்டை மாதிரி பின்பக்கம் வரும். பின்கைப்பிடியில் இருக்கிற கையைத்தான் தேடி வரும். அதைப் பாதியில் பிடிப்பதற்காக அடியில் ஒரு சின்னக் கொக்கி வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு போல்ட்டில் நிற்கும். இத்தனை தடவை செயின் கழன்றும் அவனுக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம், அவன் நினைத்துக்கொண்டிருந்ததுபோல அதிர்ஷ்டம் இல்லை. அந்தக் கொக்கிதான்.

சாதாரணமாக வலதுகை பின்கைப்பிடியில் இருக்கும். அவன் இடதுகைக்காரன், மாற்றி இடதுகையால் பிடிப்பான். கைப்பிடிக்குக் கீழே விரலை மறைக்க ஒரு தடுப்பும் உண்டு. அது ஏற்கெனவே உடைந்துபோயிருந்தது. அது நான் செய்ததில்லை. செய்யாததை என் தலையில் கட்டாதீர்கள்.

கொக்கியைக் கழற்றினேன். போல்ட்டையும் கொக்கியையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு சோதனை போட்டு நீங்கள்தான் அதை எடுத்தீர்கள். பிறகு மெஷினைத் துணி போட்டு நன்றாகத் துடைத்தேன். துடைக்காமல் நான் எதையும் கொடுப்பதில்லை.

அவன் டீ குடித்துவிட்டு வந்து மெஷினைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தான். அவன் அப்படிப் பார்ப்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"இங்க என்ன மச்சான், ஒரு ஓட்டை?"

"காத்து போறதுக்கு."

"காத்தா?"

"செயின் சூடாச்சுன்னா நீளும், நீண்டா கழலும். காத்து பட்டா சூடாகாது."

அந்த ஓட்டைக்குள் சுண்டுவிரல் நுனிகூடப் போகாது. அவன் வாயைக் குவித்து அதில் ஒரு ஊது ஊதிப் பார்த்தான். பிறகு என் தோளில் தட்டினான்.

"இதை மொதல்லயே செஞ்சிருக்கலாமே மச்சான். எங்க மேல பாசம் வர்றதுக்கு நாங்க ஊரைக் காலி பண்ண வேண்டியிருக்கு."

அன்றைக்குச் சாப்பாட்டில் அதுதான் பேச்சு. "உங்கண்ணன் என் மெஷினுக்கு ஏ.சி. போட்டுக் கொடுத்திருக்காரு, தெரியுமா? காத்து போக தனியா ஒரு ஓட்டை. ஊர்ல வேற எவன் மெஷின்லயும் கிடையாது." தங்கை தலையைச் சாய்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். கடைசிப் பெட்டியையும் கட்டிவிட்டதால் மூன்று பேரும் என் ஒரே தட்டு, ஒரே டம்ளர், காகிதத் தட்டுகள் என்று வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். தங்கை நிஜத் தட்டை எனக்கு வைத்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

அவன் காலையில் கிளம்பும்போது கதவோரம் நின்று, "மரம் சாயற சத்தம் உங்க கடை வரைக்கும் கேக்கும் பாருங்க மச்சான்" என்றான்.

அந்தச் சமயத்தில்கூட எனக்கு அந்த வாக்கியம் ஞாபகம் வந்தது. மெலிசுச் செயினை மாட்டிக் கொடுத்துவிட்டு இப்போது அதைச் சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிட்டேன்.

மரம் சாய்கிற சத்தம் கேட்கவில்லை. வெயில் ஏறினதும் கயிறு ஓடிவந்தான். சட்டையில் ரத்தம், அவனுடையது இல்லை. ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, செயின் கழண்டு பின்னால வந்து... கையில..."

"எந்தக் கை?" என்று கேட்டேன்.

கயிறு என்னை ஒருமாதிரி பார்த்தான். அதை அவன் உங்களிடம் சொல்லியிருப்பான். பதறிப்போனவன் வாயில் என்ன வேண்டுமானாலும் வரும் என்று நான் சொல்லலாம். சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் தங்கை மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இடதுகையில் மணிக்கட்டுக்குக் கீழே எதையும் காப்பாற்ற முடியவில்லை என்று டாக்டர் வந்து சொன்னார். உயிருக்கு ஒன்றுமில்லை என்றார். நான் அதைத்தான் சொன்னேன், உயிரை நான் நினைக்கவில்லை என்று. இரண்டு மூன்று விரல் போகும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். மணிக்கட்டு என் கணக்கில் இல்லை. அந்த ஒன்றில் மட்டும் எனக்கு வருத்தம் உண்டு.

தங்கை என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பள்ளிக்கூட நாட்களில் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் சாய்வாள். அவள் தலை பின்னல் அவிழ்ந்து கிடந்தது. கண் விழித்ததும் அவன் பேசிய முதல் பேச்சை அப்போதுதான் என்னிடம் சொன்னாள்.

"ஏ.சி. வேலை செய்யலன்னு மச்சான்கிட்ட சொல்லுன்னாரு அண்ணா. இந்த நெலமையிலயும் பாரேன்." சொல்லிவிட்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் தோளிலிருந்து தலையை எடுத்தாள். எடுத்தது களைப்பில்தான் என்று நினைத்தேன்.

"நீ வீட்டுக்குப் போண்ணா. நான் இருக்கேன்" என்றாள்.

போனேன். சாயங்கால வெளிச்சம் ஜன்னல் வழியாகப் பெட்டிகள்மேல் விழுந்துகொண்டிருந்தது. இனிமேல் யாரும் எங்கேயும் போகப் போவதில்லை. அந்தப் பெட்டிகள் எதற்கு? கயிறுகளை அவிழ்த்தேன். தட்டுகளைத் துணியிலிருந்து எடுத்து, கழுவித் துடைத்து, பழையபடி அலமாரியில் அடுக்கினேன். அம்மாவின் போட்டோவை அதே ஆணியில் மாட்டினேன். அவள் புடவைகளை மடிப்புக் கலையாமல் வைத்தேன். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்க்கும்போது, ஒரு வேலையும் மிச்சம் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். எல்லாம் முடிந்ததும் நாற்காலியில் கொஞ்சம் உட்கார்ந்தேன். நல்ல காற்று வந்தது.

நான் செய்தது இதுதான். மெலிசுச் செயினைப் போட்டதும் நான்தான், கொக்கியைக் கழற்றியதும் நான்தான். ஒன்றையும் மறைக்கவில்லை. ஆனால் ஏன் செய்தேன் என்று நீங்கள் தங்கையைக் கேட்க வேண்டும். இந்தக் குடும்பம் சிதறக் கூடாது என்று செய்தேன். அவளுக்குப் புரியும். என்னை அவளைவிடத் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது.

மறுநாள் காலை வழக்கம்போலக் கடையைத் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தேன். தங்கை வந்தாள். வீட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தாள்.

"தட்டெல்லாம் எடுத்து அடுக்கிட்டியா அண்ணா?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.

அவள் கையில் ஒரு சாக்கு இருந்தது. கயிறிடமிருந்து வாங்கி வந்திருக்கிறாள். அதற்குள்ளிருந்து அவன் மெஷினை எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். சுவரில் மாட்டியிருந்த மெஷினையும் அவளே எட்டி எடுத்து, அதன் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். ஒன்றில் கொக்கி இருந்தது. ஒன்றில் ஓட்டை இருந்தது. அவள் கொக்கியைத் தொட்டாள். ஓட்டையைத் தொட்டாள். ஏதாவது கேட்பாள் என்று துடைப்பத்தோடு நின்றேன். அவள் இரண்டு மெஷினையும் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். ஷட்டரை இழுத்து இறக்கினாள். பூட்டுகிற சத்தம் கேட்டது. நான் இருட்டில் மேசையோரம் உட்கார்ந்து, அவள் திரும்பி வந்து திறப்பாள் என்று காத்திருந்தேன். நீங்கள் வந்து திறந்தீர்கள்.